சுஜீவா மிஸ்ஸியின் ‘க்கு’

கிளினிக் நாளில், தோட்டத்துப் பிள்ளைகளின் காப்பகமான பிள்ளைக்காம்பராவின் வாசலை அடைத்துப் படுத்திருக்கும் நாயிடம் குனிந்து, “கொஞ்சம் தள்ளிப் படுங்க” என்பார் சுஜீவா. நாய் எழுந்து போகும். அதன் பின்னால், பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் தோட்டத் தலைவர் முத்தையாவை நிமிர்ந்து பார்த்து, “நீ வா” என்பார். தலைவரும் போவார். துரை பங்களாவின் முன்னால் நின்று மைக் இல்லாமலே பேசிக் கூட்டத்தைக் கட்டிப்போடுகிற மனிதர் அவர். தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர்கூட ‘வாங்க தலைவர்’ என்றுதான் கூப்பிடுவார். மிஸ்ஸியிடம் மட்டும் வாயைத் திறக்காமல் பெஞ்சில் உட்கார்ந்து பேத்தியின் சட்டையைக் கழற்றுவார். “நாய்க்குக் கெடைக்கிற மரியாத நமக்குக் கெடைக்கல” என்று பக்கத்தில் இருப்பவர் காதில் சொல்வதோடு சரி.

மிஸ்ஸி வேண்டுமென்று செய்வதில்லை. தமிழில் மரியாதை என்பது சொல்லின் நுனியில் ஒட்டிக்கொண்டு வரும் ஒரு ‘ங்க’ என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதை யாருக்கு ஒட்டுவது என்பதில்தான் தகராறு. கைவசம் இருக்கும் ‘ங்க’வையெல்லாம் காலையில் முதலில் எதிர்ப்படுகிறவருக்கே கொடுத்துத் தீர்த்துவிடுகிறார் போலிருக்கிறது. முதலில் எதிர்ப்படுவது பெரும்பாலும் நாய்.

நமுனுகுல மலைச் சரிவில் இருக்கும் வெள்ளைப்பாறைத் தோட்டத்துக்கு மருத்துவ மாது வேலைக்குச் சுஜீவா வந்து ஆறு வருடம் ஆகிறது. கர்ப்பிணிகளைப் பதிவது, பிள்ளைகளை நிறுப்பது, தடுப்பூசிக்கு நாள் சொல்வது, தொழிலாளர் குடியிருப்புகளில் லயம் லயமாக ஏறிப்போய்ப் பிள்ளை பெற்றவர்களைப் பார்ப்பது, இவையெல்லாம் அவர் வேலை. வயது நாற்பத்தொன்று. பிறந்து வளர்ந்தது மொனராகலைப் பக்கம், கரும்புக் காட்டுக்கு நடுவில். அந்த வெயிலில் ஊறிய உடம்பு நமுனுகுலக் குளிரோடு இன்றுவரை சமாதானம் ஆகவில்லை. வெள்ளை யூனிபோர்முக்கு உள்ளே ஒரு ஸ்வெட்டர், வெளியே ஒரு ஸ்வெட்டர், காதைச் சுற்றிக் கொழுந்து பறிக்கும் பெண்களைப் போல ஒரு துணிக்கட்டு, செருப்புக்குள் காலுறை. பேனா கொண்டையில் செருகியிருக்கும். தேடுவது கைப்பையில்.

தாய்மாரின் பெயர்கள் அவர் நினைவில் தங்குவதில்லை. எடைகள் தங்கும். “ரெண்டு எண்ணூறு எங்கே? ஏன் இன்னும் வந்துச்சு இல்ல?” என்று வாசலைப் பார்த்துச் சத்தம் போடுவார். பிறந்தபோது இரண்டு கிலோ எண்ணூறு கிராம் இருந்த பிள்ளையின் தாய் எங்கோ பின்னாலிருந்து “இந்தா வாரேன் மிஸ்ஸி” என்று ஓடிவருவாள். அந்தப் பிள்ளை இப்போது நடந்து வந்து மிஸ்ஸியின் காலுறையைப் பிடித்து இழுக்கும். ஆனாலும் அது ரெண்டு எண்ணூறுதான்.

‘வந்துச்சு’ என்றார் அல்லவா, சுஜீவாவின் தமிழில் வினைச்சொல்லுக்கு அந்த ஒரு வால்தான் இருந்தது. நான் வந்துச்சு. நீ வந்துச்சு. டொக்டர் வந்துச்சு. லொறி வந்துச்சு. குற்றம் அவருடையது அல்ல. அவர் வீட்டில் பேசுகிற சிங்களத்தில் ‘போகிறேன்’ என்பதற்கும் ‘யனவா’, ‘போகிறாய்’ என்பதற்கும் ‘யனவா’, ‘போகிறாள்’ என்பதற்கும் ‘யனவா’. நான், நீ, நாய், நாடு, யார் போனாலும் அந்த ஒரு ‘யனவா’ போதும். அப்படி நிம்மதியாக முப்பத்தைந்து வருடம் பேசியிருந்த ஒருவர் திடீரென்று வேறொரு மொழிக்குள் காலை வைக்கிறார். அங்கே வாயைத் திறக்கு முன்பே வினைச்சொல் விசாரணை நடத்துகிறது: போனது யார்? ஆணா, பெண்ணா? ஒருவரா, பலரா? பெரியவரா, சின்னவரா? முதலில், அது மனிதப் பிறவிதானா? சுஜீவா அந்த விசாரணைக்கெல்லாம் ஒரே பதிலாக ‘ச்சு’ போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். வெள்ளைப்பாறைக்கும் அது போதுமாயிருந்தது. ஒருவருக்கும் புரியாமல் போனதில்லை.

போன வருடம் தை மாதம் வரை.

அன்று காலை சுஜீவா கீழ் லயத்துக்கு நிரஞ்சலாவைப் பார்க்கப் போனார். பிள்ளை பிறந்து நாலாம் நாள். துணியை விலக்கியபோது பிள்ளையின் கண்ணும் நெஞ்சும் மஞ்சளாக இருந்தன. பிறந்த பிள்ளைகளுக்கு வருகிற மஞ்சள்தான். ஆனால் கொஞ்சம் கூடுதல். நீல வெளிச்சத்தில் ஓரிரு நாள் வைத்தால் இறங்கிவிடும். அம்புலன்ஸைக் கூப்பிட்டு, தாயையும் பிள்ளையையும் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். வண்டி போன பிறகுதான் பிள்ளைக்குச் சுற்றத் துணி ஒன்றும் கொண்டுபோகவில்லை என்பது நினைவுக்கு வந்தது. நிரஞ்சலாவின் மாமியார் புஷ்பம் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். சுஜீவா போனை எடுத்தார்.

“புஷ்பம் அக்கா, சுஜீவா பேசுறது. பிள்ளை போயிருச்சு. நிரஞ்சலாவும் போயிருச்சு. பதுளை. நீ பயப்படாதே. வெள்ளைத் துணி எடுத்து வா.”

புஷ்பத்தின் போன் தேயிலைச் செடிக்குள் விழுந்தது. அவர் போட்ட சத்தத்தில் அந்த மலை முழுவதும் கூடைகளை இறக்கி வைத்தது. அரை மணி நேரத்தில் தோட்டத்து லொறியில் இருபத்துமூன்று பேர் ஏறினார்கள். யாரோ ஒருவர் மடிப்புக் கலையாத புது வெள்ளை வேட்டி ஒன்றை எடுத்துக்கொண்டார். தலைவர் முத்தையா பந்தலுக்குத் தகரம் கேட்டுப் பக்கத்துத் தோட்டத்துக்கு ஆள் அனுப்பினார். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் நிரஞ்சலாவின் கணவன் பிரவீனன், போட்ட சட்டையோடு பதுளை பஸ்ஸில் ஏறி அழத் தொடங்கினான்.

ஆஸ்பத்திரியில் நிரஞ்சலா கட்டிலில் உட்கார்ந்து பணிஸைத் தேத்தண்ணீரில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள், கண்களைத் துணியால் மூடிக்கொண்டு, கடற்கரையில் வெயில் காய்கிற ஆளைப் போலப் பிள்ளை கால்களை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

“என்னா அத்த, இம்புட்டுப் பேரு?” என்றாள் நிரஞ்சலா.

புஷ்பம் மருமகளின் கன்னத்தில் ஓர் அறை விட்டார். “அடிப் பாவி மகளே, உசுரோடயா இருக்க!” என்றவர், அடித்த கையாலேயே அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விழுந்து அழுதார். பணிஸ் நசுங்கிப்போனது.

அந்த நேரம் பார்த்து, நிரஞ்சலா விட்டுப்போன கிளினிக் கார்டைக் கொடுக்க ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தார் சுஜீவா. “எதுக்கு எல்லாரும் அழுவுறது? பிள்ளை நல்லா இருக்குதானே?” என்றார்.

இருபத்துமூன்று பேரும் திரும்பினார்கள். கொழுந்துக் கூட்டத்தில் வாய் பெரியவர் ரெங்கம்மா. அவர்தான் முன்னுக்கு வந்தார்.

“நீங்கதானே மிஸ்ஸி சொன்னீங்க, பிள்ள போயிருச்சுன்னு?”

“ஆமா. போயிருச்சு. பதுளை.”

“பதுளைக்கு! பதுளைக்குப் போயிருச்சு! ஒரு க்கு போடுங்க மிஸ்ஸி! அந்த க்கு இல்லாட்டி செத்துப்போச்சுன்னு அர்த்தம்!”

சுஜீவா கையிலிருந்த கிளினிக் கார்டைக் கட்டிலில் வைத்தார். சிங்களப் பேச்சில் ஒருவர் ‘வீடு போனார்’ என்றாலும் ‘கொழும்பு போனார்’ என்றாலும் போய்ச் சேர்ந்துவிடுவார். வழியில் சாவதில்லை. ‘க்கு’ மாதிரி ஒரு சின்ன எழுத்துக்குள் ஓர் உயிர் இருக்க முடியும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

வெள்ளைப்பாறை ஒரு கிழமைக்குள் அதைச் சிரிப்புக் கதையாக்கிவிட்டது. பிள்ளை நலமென்ற செய்தி கேட்டுப் பிரவீனன் பஸ்ஸில் முன்னைவிடச் சத்தமாக அழுததையும், பயணிகள் எல்லாரும் செத்தது யார் என்று தெரியாமலே அவனுக்கு ஆறுதல் சொன்னதையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். புஷ்பமே சிரித்தார். சுஜீவாவால் முடியவில்லை. போனுக்குள் கேட்ட அந்த அலறல் அவர் காதிலேயே நின்றது. அரசாங்க ஊழியர்கள் மற்ற மொழியிலும் பரீட்சை எழுதிச் சித்தியடைய வேண்டும் என்ற விதியின்படி அவர் ஏற்கனவே இரண்டு முறை தமிழ்ப் பரீட்சை எழுதி, இரண்டு முறையும் கோட்டைவிட்டு, இரண்டு முறையும் கவலைப்படாமல் இருந்தவர். இப்போது கவலைப்பட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பதுளையில் நடக்கும் தமிழ் வகுப்பில் போய்ச் சேர்ந்தார்.

வகுப்பு ஒரு பாடசாலையின் மேல்மாடியில். பத்து வயதுப் பிள்ளைகளுக்கான மேசைகள். ஒரு பொலிஸ் சார்ஜன்ட், இரண்டு தபால்காரர்கள், கமநலசேவை அலுவலகத்துப் பெண் ஒருவர் என எல்லாருடைய முழங்கால்களும் மேசையில் இடித்தன. சொல்லிக்கொடுப்பவர் புவனேந்திரன். பொறுமைசாலி, மூன்று நிறச் சோக் வைத்திருப்பவர். தன்மை வெள்ளை, முன்னிலை மஞ்சள், படர்க்கை சிவப்பு. கரும்பலகையில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு வாலை எழுதினார். ஏன், ஆய், ஆன், ஆள், ஆர், அது. சுஜீவா வீட்டுக்கு வந்து அந்தக் கட்டத்தை மூன்று பிரதி எடுத்தார். ஒன்று ஃபிரிட்ஜ் கதவில், ஒன்று ஸ்கூட்டியின் கண்ணாடிக்குக் கீழே, ஒன்று கிளினிக் மேசையில்.

உழைப்பில் குறை வைக்கவில்லை. கேள்வியிலும் வைக்கவில்லை. மூன்றாம் ஞாயிறு கையைத் தூக்கினார்.

“சேர், பிள்ளை அழுதான் சரியா, அழுதாள் சரியா?”

“குழந்தை அழுதது. அது அஃறிணை முடிவு மிஸ்.”

“அஃறிணைன்னா நாய், மாடு, லொறி?”

“ஆமா.”

“பிள்ளை லொறி மாதிரியா?”

சார்ஜன்ட் சிரித்துவிட்டார். சுஜீவா சிரிக்கவில்லை. அவர் வேலையில் எல்லாவற்றுக்கும் மாதக் கணக்கு உண்டு. இத்தனை மாதத்தில் குப்புற விழ வேண்டும், இத்தனை மாதத்தில் உட்கார வேண்டும், இத்தனை மாதத்தில் பல். அவர் கொண்டையிலிருந்து பேனாவை உருவி, கொப்பியைத் திறந்து, குறித்துக்கொள்ளத் தயாராகக் கேட்டார்: “சரி சேர். எத்தனை மாசத்துல மனுஷன் ஆகும்?”

பன்னிரண்டு வருடமாகத் தமிழ் படிப்பிக்கும் புவனேந்திரன் சிவப்புச் சோக்கைக் கீழே வைத்தார். “அத அடுத்த கிழமை சொல்றேன் மிஸ்” என்றார். இன்னும் சொல்லவில்லை.

‘அம்மா வந்துச்சு’ என்பதற்கும் அவர் ஒரு நாள் சிவப்புக் கோடு போட்டார். அம்மா வந்தாள், அல்லது வந்தார் என்றார். சுஜீவா விடவில்லை. “வெள்ளைப்பாறையில எல்லாரும் ‘அம்மா வந்துச்சு’தான் சொல்றது சேர். தலைவரும் சொல்றது.”

“அது பேச்சு மிஸ்.”

“நான் பேசத்தானே வந்துச்சு சேர்.”

புவனேந்திரன் கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஏதோ அழிக்க வேண்டியிருந்தது போல அழித்தார். தோள் குலுங்கியதைப் பார்த்தால் சிரித்திருக்க வேண்டும்.

இப்படி ஐந்து மாதம் படித்ததில் ஒன்று நடந்தது. சுஜீவாவால் தமிழ் பேச முடியாமல் போனது.

முன்பெல்லாம் காலை கிளினிக் முடிவதற்குள் பிழையாக நூறு வசனம் பேசுவார். இப்போது மத்தியானம் வரை சரியாக மூன்று வசனம். ஒவ்வொரு வினைச்சொல்லுக்கு முன்னாலும் கண்கள் கூரைக்குப் போய்விடும். அங்கே கட்டங்கள் தெரிகின்றனவோ என்னவோ, விரல்கள் தொடையில் எண்ணும். சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு ஊசிக்குக் காத்திருக்கும் கர்ப்பிணி, மிஸ்ஸி கையில் ஊசியோடு கூரையைப் பார்ப்பதைக் கண்டு நடுங்கினாள். “மிஸ்ஸிக்கு மேலுக்குச் சொகமில்லையா?” என்று வரிசையில் பேச்சு எழுந்தது. வெளியே வந்த அந்த மூன்று வசனங்களும் வெள்ளைப்பாறையில் யாரும் பேசாத வசனங்கள்.

“ரெங்கம்மா அக்கா, நீங்கள் மாத்திரைகளை உட்கொண்டீர்களா?”

ரெங்கம்மா பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரிடமோ சொல்கிறார் என்று. பிறகுதான் புரிந்தது. “என்னா மிஸ்ஸி, நியூஸ் வாசிக்கிறீங்க?”

வீட்டிலே இன்னொரு வயிற்றெரிச்சல். சுஜீவாவின் ஆறு வயது மகள் லயத்துப் பிள்ளைகளோடு விளையாடப் போய், ஒரு கட்டமும் பார்க்காமல், ஒரு சோக்கும் தொடாமல், “அவ நேத்தே வந்துட்டா, நீதான் வரல” என்று வாலும் தலையும் பிசகாமல் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் சோறு ஊட்டும்போது தாய் கேட்டார்: ‘வந்துட்டா’ என்று எங்கே சொல்ல வேண்டும், ‘வந்துட்டான்’ என்று எங்கே சொல்ல வேண்டும் என்று உனக்கு எப்படித் தெரியும்? மகள் வாயில் சோற்றோடு யோசித்தாள். அவள் யோசிப்பதைப் பார்த்ததும் சுஜீவாவுக்குப் பயம் வந்துவிட்டது, இவளுக்கும் மறந்துவிடுமோ என்று. “யோசிக்காதே, யோசிக்காதே, சாப்பிடு” என்று அடுத்த பிடியை வாயில் வைத்துவிட்டார்.

ஐப்பசி மாதம் ரெங்கம்மாவின் மகள் விஜயலெட்சுமிக்குப் பதுளையில் பிரசவம். தாய்க்குச் செய்தி சொல்லும் பொறுப்பைச் சுஜீவா கேட்டு வாங்கிக்கொண்டார். இந்த முறை தவறக்கூடாது. ‘விஜயலெட்சுமிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது.’ ஒரு தாளில் எழுதி, ‘க்கு’வுக்குக் கீழே இரண்டு கோடு போட்டு, தாளை எதிரில் வைத்துக்கொண்டு போன் எடுத்தார்.

“ரெங்கம்மா அக்கா…” என்றார். நிறுத்தினார். மூச்சை இழுத்தார்.

“சொல்லுங்க மிஸ்ஸி.”

“விஜயலெட்சுமி…” மறுபடி நின்றார். தாளில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ‘க்கு’வைக் கண்டதும் நாக்கு கூசியது. ‘யை’யாக இருக்குமோ? கண்கள் கூரைக்குப் போயின.

“என்னா மிஸ்ஸி, ஏன் நிப்பாட்டுறீங்க? எம்புள்ளைக்கு என்னா? ஐயோ, வாயத் தொறந்து சொல்லுங்களேன்!”

சுஜீவா எழுத்தெழுத்தாக, ஒரு பிழையும் இல்லாமல், அழுத்தம் திருத்தமாக அந்த வசனத்தைச் சொல்லி முடித்தபோது மறுமுனையில் ஆள் இல்லை. ரெங்கம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு மலையிறங்கி ஓடிக்கொண்டிருந்தார். அன்றைக்கும் லொறி போனது.

மறு கிளினிக்குக்கு ரெங்கம்மா பேத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். வரிசையில் நிற்கவில்லை. நேரே உள்ளே வந்து மேசையில் இருந்த கட்டத்தைக் கையிலெடுத்தார்.

“மிஸ்ஸி, இதுனாலதான் எல்லாக் கேடும். மின்னுக்கு நீங்க பேசுனா ஒண்ணுதான் பெசகும். இப்ப நீங்க பேசாம நிக்கிறதுல ஊரே செத்துப் பொழைக்குது.”

“பிழையாப் பேசினா நீங்க எல்லாம் சிரிக்குமே, அக்கா” என்றார் சுஜீவா. “சிரிச்சா பரவாயில்ல. புஷ்பம் அக்கா அழுதுச்சே. அது என்னால மறக்க முடியாது.”

ரெங்கம்மா பேத்தியைத் தராசில் வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“நான் ஒண்ணு சொல்லவா? எனக்கு சிங்களம் சொல்லிக்குடுத்தது கொழுந்து லொறி டிரைவர். ‘நீங்க’ன்னா ‘உம்ப’ன்னு சொல்லிக்குடுத்தான். நானும் இருவது வருசமா டொக்டரப் பாத்தாலும் உம்ப, பன்சல பிக்கு சாமியப் பாத்தாலும் உம்ப. ‘உம்ப’ன்னா ‘அடேய்’ங்கிற மாதிரின்னு போன வருசந்தான் ஒருத்தரு சொன்னாரு. ஏன் மிஸ்ஸி, நான் ஒங்களையே ‘உம்ப’ன்னு எத்தன தரம் கூப்புட்டேன்! ஒரு தரம் திருத்துனீங்களா?”

சுஜீவா இல்லை என்று தலையசைத்தார். “நீ ஆசையாத்தானே கூப்பிட்டுச்சு.”

“அவ்வளவுதான் சங்கதி. நீங்க பழையபடி கடகடன்னு பேசுங்க. நிக்காதீங்க. பெசகுனா நாங்க இருக்கோம். போன்ல மட்டும் ரெண்டு தரம் சொல்லுங்க.”

அன்றிலிருந்து வெள்ளைப்பாறை கிளினிக்கில் ஒரு புது வழக்கம் வந்தது. மிஸ்ஸி பேசுவார். வரிசை திருத்தும். “நேத்து நான் வந்துச்சு, நீ வீட்டுல இல்ல” என்பார். “வந்தேன்!” என்று முப்பது பெண்கள் ஒரே குரலில் சொல்வார்கள். “வந்தேன், வந்தேன்” என்று சொல்லிக்கொண்டே அவர் அடுத்த பிள்ளையைத் தராசில் வைப்பார். வரிசைக்குள்ளேயே சில நேரம் சண்டை வரும். ‘டொக்டர் வராரு’ என்பதா, ‘டொக்டர் வாராங்க’ என்பதா என்று ஒரு நாள் இரண்டு லயங்கள் மோதிக்கொண்டன. சண்டை முடியும் வரை சுஜீவா இரண்டு பேருக்குத் தடுப்பூசி போட்டுவிட்டார். கூரையைப் பார்க்கும் பழக்கம் மெல்லக் குறைந்தது. கட்டம் போட்ட தாளைத் தராசு ஆடாமல் இருக்க நாலாக மடித்து அதன் காலுக்குக் கீழே வைத்தார்.

இந்த மாசியில் பரீட்சை. எழுத்துப் பரீட்சை ஒரு சனிக்கிழமை, வாய்ப் பரீட்சை அடுத்த சனிக்கிழமை, இரண்டும் பதுளையில். வாய்ப் பரீட்சைக்கு முதல் நாள் முழுவதும் மழை. காலையில் பஸ் பாதி வழி வந்ததும் முன்னால் மண் சரிந்து ரோட்டை மூடியிருந்தது. சுஜீவா இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சேற்றைத் தாண்டி நடந்து, அந்தப் பக்கம் ஒரு ஆட்டோவைப் பிடித்துப் போய்ச் சேரும்போது அவருடைய நேரம் முடிந்து முக்கால் மணி ஆகியிருந்தது.

உள்ளே கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் கோப்புகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“உங்கட நேரம் முடிஞ்சுது” என்றார், நிமிராமல். “அடுத்த முறை பாருங்க.”

“அடுத்த முறையா?” என்றார் சுஜீவா. “நான் எப்புடி வந்தேன் தெரியுமா மிஸ்? ரோடே இல்ல! மண்ணு விழுந்துருச்சு. பஸ்காரன் திரும்பிப் போறேன்னு சொல்றான். எல்லாரும் திரும்பிப் போய்ட்டாங்க. நான் போகல. இந்தா பாருங்க, செருப்பு ஒண்ணுதான் இருக்கு, மத்தது சேத்துக்குள்ள. ஒரு கெழவர் என் கையப் புடிச்சுத் தாண்டி விட்டாரு. அவருக்கு எழுவது வயசு, அவரே விழப் பார்த்தாரு. நான் அவரப் புடிச்சேன், அவரு என்னயப் புடிச்சாரு. அடுத்த முறை வா, அடுத்த முறை வான்னு சொன்னா, அடுத்த முறையும் மழை பெஞ்சா? நான் பிள்ளைங்கள நிறுக்கிறதா, இங்க வந்து வந்து போறதா? என் கிளினிக்குல முப்பது பேரு எனக்காகச் சாமி கும்பிட்டு அனுப்பியிருக்காங்க. அவங்களுக்கு நான் போயி என்னா சொல்ல? நீங்களே சொல்லுங்க!”

அம்மாள் எப்போது நிமிர்ந்தார், எப்போது பேனாவை எடுத்தார் என்பதைச் சுஜீவா கவனிக்கவில்லை. மூச்சு வாங்க நிறுத்தியபோது அவர் ஒரு தாளில் எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“சரி, நீங்க போகலாம்.”

“போக முடியாது. பரீட்சை வையுங்க.”

“வச்சு முடிஞ்சுது மிஸ்” என்றார் அம்மாள். “கடைசியில கொஞ்சம் என்னைய ஏசினீங்க. அதிலயும் பிழையில்ல.”

பெறுபேறு சித்திரையில் வந்தது. வாய்ப் பரீட்சையில் திறமைச் சித்தி. எழுத்துப் பரீட்சையில், ‘பிழை திருத்துக’ பகுதியில் சறுக்கி, நாலு புள்ளி குறைவு. ‘அம்மா சந்தைக்குப் போச்சு’ என்ற வசனத்தைத் திருத்தச் சொல்லியிருந்தார்கள். சுஜீவா நீண்ட நேரம் பார்த்துவிட்டு, பக்கத்தில் ‘சரி’ என்று எழுதிவிட்டு வந்திருக்கிறார். அதில் ‘க்கு’ இருக்கிறதே, வேறென்ன வேண்டும் என்று நினைத்ததாகப் பிறகு சொன்னார். “என் வாய் பாஸ். என் கை பெயில்” என்று வரிசைக்கு அறிவித்தார். “மார்கழியில கை திரும்பிப் போகும்.” ரெங்கம்மா கற்கண்டு வாங்கிக்கொண்டு வந்து எல்லாருக்கும் கொடுத்தார்.

போன புதன்கிழமை நிரஞ்சலா மகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். பிள்ளைக்கு ஒரு வயது தாண்டிவிட்டது. சோறு என்றால் வாயை இறுக்கிக்கொள்கிறது, எடை ஏறவில்லை. அடுத்த கிழமை பதுளையில் டொக்டரிடம் காட்ட வேண்டும். டொக்டருக்குச் சிங்களம்தான். வழக்கமாக மாமியாரோ கணவனோ கூடப்போய்ப் பேசுவார்கள். இந்த முறை தானே பேசப்போவதாக நிரஞ்சலா சொன்னாள். சொல்லிப் பார்க்கட்டுமா என்று மெதுவாகக் கேட்டாள்.

“சொல்லு” என்றார் சுஜீவா.

“டொக்டர்… பபா பத் கனவா… நே.”

பிள்ளை சோறு சாப்பிடுவதில்லை என்று சொல்ல வேண்டும். ‘கனவா நே’ அல்ல, ‘கன்னே நே’ என்று வர வேண்டும். தான் எங்கோ பிசகிவிட்டோம் என்பது நிரஞ்சலாவுக்கே தெரிந்துவிட்டது. நிறுத்தினாள். கண்கள் மேலே போய்க் கூரைத் தகரத்தில் எதையோ தேட ஆரம்பித்தன. பிள்ளையின் முதுகில் விரல்கள் ஒன்று, இரண்டு என்று அழுந்தின. வெளியே வரிசையில் சிங்களம் தெரிந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்து, திருத்துவதற்கு வாயைத் திறந்தார்கள்.

சுஜீவா நாற்காலியில் இருந்தபடியே வலது காலை நீட்டி, கதவை மெதுவாகச் சாத்தினார். “பெசகுனா பரவாயில்ல. நிக்காம சொல்லு” என்றார்.